பணியாரம் என்று பெயர் வைத்தது நான்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று முதலாளி சொன்னார். நல்லதாகப் போயிற்று. நானும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நான் மெதுவாக எழுதுகிறேன், நீங்கள் மெதுவாக வாசியுங்கள். யாருக்கும் பஸ் போய்விடாது.

கவுன்டரில் எப்படி நடந்துகொள்வது என்று நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்றுதான் முதலாளி கேட்டார். சிரித்த முகமாக இருக்க வேண்டும், வாடிக்கையாளரை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்லிக்கொள்ளட்டும். நான் எழுதப்போவது பொறாமையைப் பற்றி. அதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். செருப்பை வாசலில் விடுவது போலப் பொறாமையையும் விட்டுவிட்டு வா என்பார்கள். நான் விடவில்லை. சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துத் தினமும் என் வீடு இருக்கிற தாபோடியிலிருந்து கொண்டுவந்தேன், சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோனேன். வேலையை விட்டு நின்ற பிறகும் அது வீட்டில்தான் இருக்கிறது.

பொறாமை யார்மேல் என்று கேட்பீர்கள். ஷோபா மேல். உங்களுக்கு அவள் ஷோபா மேடம், பழுதுபார்க்கும் மேசைக்குப் பெரியவள். எனக்கு அவள் என்னோடு ஒரே வாரத்தில் வேலைக்கு வந்தவள். இரண்டு பேருக்கும் முதலில் ஒரே வேலைதான். திறந்து வைத்த கம்ப்யூட்டரின் தூசியை ஊதி எடுப்பது, மேசை துடைப்பது, டீ கொண்டுவருவது. அவள் தாபோடியிலேயே பிறந்தவள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் வாயைத் திறந்தால் பாதி மராத்தி வரும். எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. ஒரே ஷேர் ஆட்டோவில் கடை இருக்கிற ஔந்துக்கு வருவோம், ஒரே ஆட்டோவில் திரும்புவோம்.

அப்போது மேசையில் ஒரு பெரிய மெக்கானிக் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்கள் இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பழைய லேப்டாப்பைக் கொடுத்து, பிரித்துவிட்டுத் திரும்பப் பூட்டச் சொன்னார். நான் கழற்றிய திருகாணிகளைச் சின்னது பெரியது பார்த்து அஞ்சறைப் பெட்டியில் போடுவது போலத் தனித்தனியாக வைத்தேன். திரும்பப் பூட்டும்போது ஒன்றுகூட மிச்சமில்லை. ஷோபாவுக்கு ஒரு திருகாணி மிச்சம். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

பிறகு அவர் இரண்டையும் ஓட விட்டார். இரண்டு திரையிலும் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது.

"என்னா சொல்லுது?" என்று கேட்டார்.

ஷோபா வாசித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஷோபா, நீ மேசைக்கு வா. பாக்கியம், நீ கவுன்டரைப் பார்த்துக்கோ."

ஒரு திருகாணியை மிச்சம் வைத்தவள் மேசைக்குப் போனாள். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இந்த வரியை எழுதும்போது இன்னும் வயிறு எரிகிறது.

அவர் எனக்கு ஆறுதலாக ஒன்று சொன்னார். மேசைக்கு மெஷின் வரும், கவுன்டருக்கு ஆள் வருவான். மெஷின் பொய் சொல்லாது, ஆள் சொல்லுவான். எல்லாரும் சொல்வது ஒரே பொய்தான், "நான் ஒண்ணும் பண்ணலைங்க, அதுவாவே ஆயிடுச்சு." அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குவதுதான் கவுன்டர் வேலை, அதுவும் பெரிய வேலைதான் என்றார். பெரிய வேலை என்றால் அவரே வந்து உட்கார்ந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. அதை எனக்குப் புரியவைத்த ஒரு நாளைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் பணியாரம். வருகிற மெஷினுக்கெல்லாம் நான் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும், அதில் என்ன கோளாறு என்று இருக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. அதனால் திரையில் பார்த்ததை அப்படியே வரைந்துவிடுவேன். நீலத் திரையில் அழுமூஞ்சி வந்தால் அழுமூஞ்சி. ஒன்றுமே வராவிட்டால் கட்டம் போட்டுக் கறுப்பாக்கிவிடுவேன். அப்டேட் போட்டு நடுவில் மாட்டிக்கொண்ட மெஷினில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதற்கு வட்டமாகக் குழி குழியாக வரைந்தேன்.

ஷோபா சீட்டைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, ஹே காய்? என்னா இது, இட்லித் தட்டா?" என்றாள்.

"பணியாரக் கல்லு. கண்ணு தெரியலையா உனக்கு?"

அன்றிலிருந்து கடையில் அந்தக் கோளாறுக்குப் பணியாரம் என்று பெயர். "ஒரு பணியாரம் வந்திருக்கு", "பணியாரம் வெந்துச்சா", "கருகிடுச்சு சார்." நீங்களும் இப்போது அப்படித்தான் பேசுகிறீர்கள். அந்தப் பெயரை வைத்தது ஷோபா என்று முதலாளி ஒரு வாடிக்கையாளரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இந்தக் காதால் கேட்டேன். நான் பக்கத்தில்தான் இருந்தேன், சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பொறாமைக்காரியின் கண் எங்கே இருக்கும்? பொறாமைப்படுகிற ஆள் மேல்தான் இருக்கும். ஷோபா உட்காருவது, குனிவது, பெருமூச்சு விடுவது எல்லாம் எனக்கு மனப்பாடம். அவளுக்கு வழி தெரிந்துவிட்டால் முழங்கையை மேசையில் ஊன்றுவாள். தெரியாவிட்டால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வாள். கை சும்மா இருந்தால் எதையாவது தொட்டுக் கெடுத்துவிடும் என்று அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட பூட்டு அது. முதலாளிக்குக்கூட இது தெரியாது. அவள் கையின்மேல் உட்கார்ந்தால் எரிகிற என் வயிறு கொஞ்சம் குளிரும்.

இனி அந்த நாள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பெண் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தாள். சந்திரிகா என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதை நெருங்கிய வயது. பின்னால் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர், விறைப்பான ஆள், மீசை, தோய்த்துத் தேய்த்த சட்டை. அவளுடைய மாமனார்.

"ஷோபா மேடம் இருக்காங்களா?" என்றாள். என்னைத் தாண்டி மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கேர்ந்து வரீங்க?"

"வானவடி."

வானவடி எங்கே, ஔந்து எங்கே. ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவில் எத்தனை ரிப்பேர் கடை இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு ஷோபாவைத் தேடி ஆட்டோவில் வந்திருக்கிறாள். "அவங்க வேலையா இருக்காங்க, என்னா ஆச்சுன்னு என்கிட்ட சொல்லுங்க" என்றேன். குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்திருக்கும்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. காலையில அப்டேட் கேட்டுச்சு, போட்டேன். பாப்பாவ ஸ்கூல் பஸ்ல ஏத்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தா இப்படிச் சுத்திட்டே இருக்கு. கொஞ்ச நேரம் சுத்தும், அணைஞ்சு போகும், தானாவே ஆன் ஆகும், மறுபடியும் சுத்தும். நான் நாலஞ்சு தடவை பட்டனை அமுக்கி அணைச்சும் பார்த்துட்டேன்."

மெஷினைத் தூக்கினேன். எடை குறைவாக இருந்தது. "பேட்டரி இல்லையா?"

"உப்பிடுச்சுன்னு எடுத்துட்டாங்க. சார்ஜர் போட்டாத்தான் ஓடும்."

சீட்டில் பணியாரக் கல் வரைந்தேன். எப்போது வேண்டும் என்று கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"மூணு மணிக்குப் பரீட்சைங்க. வீட்லேர்ந்தே கம்ப்யூட்டர்ல எழுதுறது. இத்தனை வருஷமா கான்ட்ராக்ட்ல இருக்கேன், இதுல பாஸானாத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க. வேற மெஷின்ல எழுத முடியாது. நேத்து இந்த மெஷினைத்தான் ஆன்லைன்ல செக் பண்ணிப் பதிவு பண்ணாங்க. இனிமே புதுசாப் பதிவு பண்ண முடியாது."

"அடுத்த தடவை எழுதலாமே."

"அடுத்த தடவைக்கு எனக்கு வயசு தாண்டிடும்."

இதை அவள் சத்தமில்லாமல் சொன்னாள். பெரியவர் சார்ஜர் கம்பியைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

நான் ஷோபாவைக் கூப்பிட்டேன். அவள் மெஷினை மேசையில் வைத்துப் பார்த்தாள். முதலாளியும் வந்தார். அவர் கோயம்புத்தூர்க்காரர், அவசரம் என்றால் அவருக்கு ஒரே மருந்துதான்.

"ஏனுங்க ஷோபா, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாமுங்க. ஒரு மணி நேர வேலை."

"அழிச்சா அந்தப் பதிவும் சேர்ந்து அழிஞ்சிரும் சார். மெஷின் ஓடும், பரீட்சை ஓடாது."

பிறகு அவள் சந்திரிகாவிடம் திரும்பினாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன், மேசைக்காரர்கள் சிரிக்காதீர்கள். இப்படிச் சுற்றுவதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். உள்ளே இருக்கிற டிஸ்க் சாகக் கிடக்கலாம். அப்படியானால் அதை ஒரு நிமிஷம்கூட ஓட்டக்கூடாது, கழற்றி உள்ளே இருப்பதை வேறொன்றுக்கு மாற்ற வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும். இல்லையென்றால் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போயிருக்கலாம். அப்படியானால் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. பாதியில் நின்ற அப்டேட்டைத் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டுத் தொடாமல் காத்திருந்தால் மூன்று மணிக்குள் எழுந்துவிடும். ஆனால் சாகிற டிஸ்க்கை அப்படி ஓட்டினால் மொத்தமாகச் செத்துவிடும்.

"நடுவுல கரண்ட் போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"போகவே இல்ல மேடம். பக்கத்து வீட்லகூடக் கேட்டுட்டேன். காலையிலேர்ந்து போகவே இல்லன்னாங்க."

ஷோபா திரையைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. எனக்குக் குளிர்ந்தது. வானவடியிலிருந்து தேடிக்கொண்டு வந்தாயே, பார், உன் ஷோபா மேடம் கையின்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு சந்திரிகா பெஞ்சில் வந்து உட்கார்ந்து அந்த வெறும் துண்டை மடித்து மடித்து வைத்ததைப் பார்த்தேன். குளிர்ச்சி இருந்தது, ஆனால் முன்னைப் போல ருசிக்கவில்லை.

அப்போது பெரியவர் எழுந்தார். வாசலில் போய் நிற்கப் போனார் போலிருக்கிறது. போகிற போக்கில் அவர் கை சுவருக்குப் போயிற்று, டக்கென்று ஃபேனை அணைத்தது. அடியில் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள், வேர்த்துக் கொட்டுகிறது.

"மாமா, ஃபேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. பழகிப்போன குரல்.

அவர் திரும்பிப் போட்டுவிட்டு, "பழக்கம்மா" என்றார்.

அந்த மீசையும் விறைப்பும் ராணுவ ஆள் என்று சொல்லின. ராணுவக் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களை நான் தாபோடியில் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியாக வெளியே போகிற ஆள் வீட்டு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சாமி கும்பிடுவது போல. ரிட்டயர் ஆகிச் சொந்த ஃப்ளாட்டுக்கு வந்த பிறகும் கை நிற்காது. பேட்டரி இல்லாத மெஷின் என் கையில் எடையில்லாமல் இருந்தது ஞாபகம் வந்தது.

நான் டீ எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"அய்யா எந்தப் பக்கம்?"

"வேலூர்ப் பக்கம்மா. ராணுவத்துல சுபேதாரா ரிட்டயர் ஆனேன்."

"நான் ஆம்பூர்ப் பக்கம். குடிங்க, ஆறிடும்." ஒரு வாய் குடிக்கட்டும் என்று பொறுத்தேன். "காலையில மருமக பாப்பாவ பஸ் ஏத்தப் போனாங்களே, அப்ப நீங்க வூட்ல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அப்புறம்?"

"பால் வாங்கப் போனேன்."

"வூட்ல வேற ஆளு?"

"பையன் ஜம்முல இருக்கான். வேற யாரும் இல்ல." கண்ணாடித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப கடைசியா வெளிய வந்தது நீங்கதான்."

அவர் சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. கவுன்டரில் உட்காருகிறவர்களுக்குச் சொல்கிறேன், கேள்வியைக் கேட்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவது கேள்வி கேட்டால் முதல் கேள்விக்குப் பதில் வராது.

"அவகிட்ட சொல்லமாட்டேன்னு சொல்லும்மா" என்றார்.

"சொல்லமாட்டேன்."

"முன்னாடி ஒரு தடவை இப்படித்தான் மெயினை ஆஃப் பண்ணிட்டு வெளியூர் போய்ட்டேன். ஃப்ரிட்ஜ்ல பாப்பாவோட மருந்து இருந்துச்சு. கெட்டுப்போச்சு. அவ என்னைத் திட்டலம்மா, அழுதா. திட்டியிருந்தா பரவால்ல. இனிமே தொடமாட்டேன்னு சொன்னேன். இன்னைக்கும் ஆஃப் பண்ணிட்டேன், பால் வாங்கிட்டு வந்து ஆன் பண்றப்பதான் மெஷினைக் கவனிச்சேன். இது தெரிஞ்சா நான் எப்படிம்மா அவ கையால சோறு வாங்கித் தின்றது?"

"எந்த நேரத்துல ஆஃப் பண்ணீங்க, மெஷின் சுத்திட்டிருந்துச்சா?"

"ஏதோ சுத்திட்டிருந்துச்சு. நான் கிட்டப் போய்ப் பார்க்கல. டிவின்னு நினைச்சேன்."

அவ்வளவுதான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மேசை வரைக்கும் நடந்த அந்த நாலு அடியில் நான் என்ன நினைத்தேன் என்று சொல்லட்டுமா? முதலாளி, சந்திரிகா, மேசையில் இருக்கிற எல்லாரும் கேட்கச் சத்தமாகச் சொல்ல நினைத்தேன். இந்த மெஷினுக்கு என்ன ஆயிற்று என்று ஷோபாவுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை, எல்லார் தலையும் கவுன்டர் பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் பெரியவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வாயை விற்றுவிட்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

ஷோபாவின் காதருகே குனிந்தேன். "கரண்ட் போயிருக்கு. அப்டேட் ஓடுறப்போ நடுவுல போயிருக்கு."

"இல்லன்னாங்களே அக்கா."

"போச்சுன்னா போச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். யார் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், பெஞ்சில் இருக்கிற சந்திரிகாவுக்குக் கேட்டிருக்கும், நான் முழித்திருப்பேன். இது தப்பாக இருந்தால் கெடப்போவது அவள் பெயர், என் பெயர் இல்லை. வாடிக்கையாளர் ஒன்று சொல்கிறார், கவுன்டர்க்காரி வேறொன்று சொல்கிறாள், காரணமும் சொல்லமாட்டேன் என்கிறாள். நானாக இருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

அவள் கேட்கவில்லை. கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து, "சரி" என்றாள். முழங்கையை மேசையில் ஊன்றினாள்.

அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்படி நம்ப எனக்கு வராது.

"சந்திரிகா, அப்டேட்டைத் திருப்பி எடுக்கப் போறேன். ஒரே ஒரு கண்டிஷன். சுத்த ஆரம்பிச்சா யாரும் தொடக்கூடாது. திரை கறுப்பாப் போனாலும் தொடக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் தாம்பா, பொறுத்திருங்க, அவ்வளவுதான்."

பணியாரம் சுற்ற ஆரம்பித்தது. உங்களுக்கு இனிமேல் இது நிறைய வரும், அதனால் சொல்கிறேன். வேலை செய்கிற பணியாரமும் செத்த பணியாரமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த நேரத்தில் எதையாவது செய்ய வேண்டும் என்று கை துடிக்கும். சந்திரிகாவின் கை இரண்டு தடவை மேசைக்குப் போயிற்று. முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னமுமாங்க?" என்றார். அவரை முன்பக்கம் வந்த ஒரு பிரின்டர் ஆளிடம் அனுப்பினேன். சந்திரிகாவைக் கவுன்டருக்கு உள்ளே இழுத்து உட்காரவைத்து என் டப்பாவைத் திறந்து கொடுத்தேன்.

"வேணாங்க, இறங்காது."

"பரீட்சைக்குப் போறவ வெறும் வயித்துல போவாளா? தயிர்சோறுதான், முழுங்கினா இறங்கிடும்."

சாப்பிட்டாள். ஒரு கையால் சாப்பிட்டாள், இன்னொரு கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரிந்திருக்காது.

பெரியவர் உட்காரவில்லை. ஷோபாவின் மேசைக்குப் பக்கத்தில், சார்ஜர் சொருகியிருந்த பிளக்குக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காவல் நின்றார். ஒருவரையும் அந்தப் பக்கம் விடவில்லை. துடைப்பம் எடுத்துக்கொண்டு போன பெண்ணைக்கூடக் கண்ணாலேயே திருப்பி அனுப்பினார். "உங்க மாமனாருக்கு உங்க மேல ரொம்பப் பாசம்" என்று முதலாளி சந்திரிகாவிடம் சொன்னார். நான் டப்பா மூடியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

திரை கறுப்பாகப் போயிற்று. வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது. "போச்சா?" என்றாள் சந்திரிகா. ஷோபாவின் நெற்றியில் வேர்வை இருந்தது. ஆனால் முழங்கை மேசையிலிருந்து நகரவில்லை. முதலாளி, "ஷோபா, அந்தப் பட்டனைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அவள் ஒரு கையை மட்டும் தூக்கினாள், அவர் நிறுத்திக்கொண்டார். நான் சொன்னது பொய்யாக இருந்தால் அந்தக் கறுப்பு கறுப்பாகவே இருந்துவிடும். இவள் விழுந்தால் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் காத்திருந்தவள் நான், அன்றைக்கு எந்தச் சாமியை வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

திரையில் வெளிச்சம் வந்தது. ஒரு சின்னப் பெண் பல் விழுந்த வாயோடு சிரிக்கிற படம். பாப்பா.

பரீட்சைக்கு நேரம் நெருங்கிவிட்டது, வானவடிக்குத் திரும்பிப் போக முடியாது. முதலாளி தன் அறையைக் காலி செய்து கொடுத்தார். தனியாக இருந்து எழுத வேண்டும், பேச்சுக்குரல் கேட்கக்கூடாது என்றாள் சந்திரிகா. அன்றைக்குச் சாயங்காலம் வரை இந்தக் கடையில் ஒருவரும் பேசவில்லை. வந்தவர்களை நான் வாசலிலேயே நிறுத்திக் கை ஜாடையிலேயே என்ன வேண்டும் என்று கேட்டேன். பெரியவர் பிளக்கை விட்டுவிட்டு நேராகப் போய்க் கடையின் மெயின் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

எழுதி முடித்து வெளியே வந்தவள் நேராக ஷோபாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கரண்ட் போகவே இல்லன்னு நான் சொன்னேன். போயிருக்குன்னு நீங்க எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

ஷோபா என்னைப் பார்த்தாள். நான் சீட்டைப் பார்த்தேன்.

"எல்லாம் அனுபவம்தான்" என்றாள் ஷோபா.

அனுபவமாம். என் டீ, என் தயிர்சோறு, என் வாக்கு. அனுபவமாம்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, "யாரு சொன்னதுக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல."

"சரி." கொஞ்ச தூரம் போனபிறகு, "ஆளுங்ககிட்ட உன்ன மாதிரி கேட்டு வாங்க எனக்கு வராதுக்கா" என்றாள்.

அப்படிச் சொன்னால் என் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருப்பாள். ஆறவில்லை. நன்றாகச் சொல்லவும் தெரிந்திருக்கிறதே இவளுக்கு என்றுதான் இருந்தது.

சந்திரிகா தேறிவிட்டாள். வேலை நிரந்தரமான பிறகு மாமனாரையும் கூட்டிக்கொண்டு பேடா டப்பாவோடு வந்தாள். அன்றைக்குப் பெரியவர் கடை நடுவில் நின்று எல்லாரும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"அன்னைக்கு மெயினை அணைச்சது நான்தான். வேலை உறுதியான அன்னைக்கே மருமககிட்ட சொல்லிட்டேன். அந்தச் சந்தோஷத்துல திட்டமாட்டான்னு பார்த்துத்தான் சொன்னேன்."

"அதுக்கும் சேர்த்துத்தான் திட்டினேன்" என்றாள் சந்திரிகா. சிரித்தாள்.

"இந்த அம்மாகிட்ட மட்டும்தான் அன்னைக்குச் சொல்லியிருந்தேன்." அவர் என்னைக் கை காட்டினார். எல்லார் தலையும் கவுன்டர் பக்கம் திரும்பியது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த திரும்பல். நான் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். "எவ்வளவு நல்ல மனசு பாருங்க, வெளிய ஒரு வார்த்தை விடல. ஆனா இந்தப் பொண்ணு மெஷினைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டா. ராணுவத்துல இருந்திருந்தா மெடல் குடுத்திருப்பாங்க."

தலைகள் எல்லாம் ஷோபா பக்கம் போய்விட்டன. முதலாளி கை தட்டினார்.

ஷோபாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், "இல்லீங்க அய்யா, அக்காதான்..." என்று வாயைத் திறந்தாள். அவள் அதைச் சொல்லி முடித்தால் எனக்கு வர வேண்டியது வந்துவிடும். அதே வாயால், இந்த அம்மா வாக்குக் கொடுத்துவிட்டு அடுத்த நிமிஷமே மேசையில் போய்ச் சொன்னவள் என்றும் பெரியவருக்குத் தெரிந்துவிடும். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

கவுன்டருக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். மிதித்தது கொஞ்சம் அதிகம்தான். அதற்கு மட்டும் அந்த வாக்கு காரணமில்லை.

அந்தப் பெரியவர் போன வருஷம் காலமாகிவிட்டார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மருமகளின் பெயரை மாற்றிவிட்டேன். ஷோபாவின் பெயரை மாற்றவில்லை, அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் செலவழிக்க எனக்கு என்ன தலையெழுத்து.

உங்களில் இரண்டு பேர் கவுன்டருக்கும் ஒருவர் மேசைக்கும் போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். கவுன்டருக்குப் போகிற இரண்டு பேருக்கும் வயிறு எரியும். எரியட்டும். மேசையில் இருக்கிறவளை விடாமல் பாருங்கள், அவள் எப்போது கையின்மேல் உட்காருகிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது உங்களிடம்தான் இருக்கும். கொடுத்துவிடுங்கள். கொடுத்த பிறகு எரிவது நிற்காது, அதை நான் உங்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியும்.

இன்னொன்று. பணியாரம் என்று பெயர் வைத்தது நான். சந்தேகமிருந்தால் உங்கள் ஷோபா மேடத்தையே கேளுங்கள். கீழே குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்பாள்.